க்ளெனிஸ் கையைத் தூக்க மாட்டாள்

குழாய் உடைந்ததற்கு ஈதான் காரணம் என்றாள் க்ளெனிஸ். க்ளெனிஸ்தான் காரணம் என்றார் டெஸ்மண்ட். ஈ கருத்து எதுவும் சொல்லவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஊர் சுற்றுகிறவர்கள் தங்கும் கேரவன் பார்க்கில், காருக்குப் பின்னால் மாட்டி இழுத்து வந்த சக்கர வீடான கேரவனை டெஸ்மண்ட் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி க்ளெனிஸ் வழக்கம்போலப் பின்னால் நின்று கையால் சைகை காட்டிக்கொண்டிருந்தாள். தெற்கு ஆஸ்திரேலியாவின் ஈக்கள் மனித மூக்கைத் தங்கள் பூர்வீகச் சொத்தாகக் கருதுபவை. அதில் ஒன்று க்ளெனிஸின் மூக்கில் குடியேறியது. அவள் கையை வீசி விரட்டினாள். கண்ணாடியில் அதைப் பார்த்த டெஸ்மண்ட், 'வா, தாராளமாக வா' என்று எடுத்துக்கொண்டு தாராளமாக வந்துவிட்டார். பார்க்கின் தண்ணீர்க் குழாய் அடியோடு சாய்ந்து, க்ளெனிஸைத் தலையிலிருந்து கால்வரை குளிப்பாட்டியது.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. எந்தக் கேரவன் பார்க்கிலும் சாயங்காலம் ஒரு சபை கூடும். முன்னமே வந்து இடம்பிடித்தவர்கள் மடக்கு நாற்காலிகளைப் பாதைப் பக்கம் திருப்பிப் போட்டு, பீர் கேனும் கையுமாக உட்கார்ந்து, புதிதாக வருகிறவர்கள் ரிவர்ஸ் எடுக்கும் அழகைப் பார்ப்பார்கள். யாரும் சிரிக்கக்கூடாது என்பது நாகரிகம். அந்தச் சபையின் முன்னிலையில் டெஸ்மண்ட் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"வழி காட்டச் சொன்னா டான்ஸ் ஆடிட்டு நிக்கிறியே."

நாற்காலிகளில் ஒன்று சிரித்துவிட்டது.

க்ளெனிஸ் சொட்டச் சொட்ட ஜன்னலருகே வந்தாள். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இனிமே உன் வண்டிக்குப் பின்னாடி நான் கையைத் தூக்க மாட்டேன் டெஸ். இன்னொரு தடவை எதையாவது இடிச்சே, நான் பஸ் ஏறி அடிலெய்டுக்குப் போயிட்டே இருப்பேன். மிச்ச நாட்டை நீயும் கேரவனும் ஜோடியா சுத்திப் பாருங்க."

"யார் கையும் எனக்கு வேணாம்," என்றார் டெஸ்மண்ட். "கேமரா மாட்டிக்கிறேன்."

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, நாட்டை ஒரு முழுச் சுற்று சுற்றுவது என்று கிளம்பியவர்கள் அவர்கள். இன்னும் கால்வாசி வட்டம்கூட ஆகவில்லை. பஸ் ஏறுவேன் என்று க்ளெனிஸ் சொன்னால் ஏறுவாள். மன்னிப்புக் கேட்டுவிடலாமே என்று டெஸ்மண்டுக்கும் தோன்றியது. ஆனால் கேமரா வாங்குவது அதைவிடச் சுலபமாக இருந்தது.

முதல் கேமரா கம்பி வைத்தது. கம்பியை உள்ளே கொண்டுவரக் கேரவனின் பின்சுவரில் துளை போட வேண்டும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பெட்டியில் எழுதவில்லை. டிரில் முனை க்ளெனிஸின் தலையணைக்குள் புகுந்து, பஞ்சைச் சுருட்டிக்கொண்டு நின்றது. அவள் அப்போது வெளியே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்ததை டெஸ்மண்ட் நல்ல காலம் என்றார். க்ளெனிஸ் தலையணைகளை இடம் மாற்றிப் போட்டாள்.

காருக்குள் வைத்த சின்னத் திரையில் படம் வந்தது. சாலை மேலேயும் வானம் கீழேயுமாக வந்தது. கேமராவைத் தலைகீழாக மாட்டியதை ஒப்புக்கொள்வதைவிடத் தலையைச் சாய்த்துப் பார்ப்பது மேல் என்று டெஸ்மண்ட் அப்படியே ஓட்டினார். கழுத்து பிடித்துக்கொண்ட பிறகுதான் இறங்கிக் கழற்றித் திருப்பினார். அதில் துளை பெரிதானது. அடுத்த மழை துளை வழியாக நேராகத் தலையணைக்கு வந்தது. அது இப்போது அவருடைய தலையணை.

துளையைப் பசை வைத்து அடைத்தார். பசை லென்ஸிலும் அப்பியது. அதன்பின் தெற்கு ஆஸ்திரேலியா முழுவதும் அவருக்கு மூடுபனியாகத் தெரிந்தது. போகட்டும் என்று விட்டால், ஒரு ரவுண்டானாவில் வளைத்துத் திரும்பும்போது, நீளம் போதாமல் விறைத்திருந்த கம்பி பட்டென்று அறுந்தது. அந்த இழுப்பில் பிய்ந்து விழுந்த கேமரா, மிச்சக் கம்பியில் தொங்கியபடி அடுத்த ஊர்வரை கேரவனுக்குப் பின்னால் தார்ச்சாலையில் குதித்துக் குதித்து வந்தது.

"கம்பி இருந்தாத்தானே அறும்," என்றார் டெஸ்மண்ட்.

கம்பியில்லாத கேமரா பெட்ரோல் பங்க் கடையிலேயே கிடைத்தது, பிஸ்கட்டுக்கும் ஈ மருந்துக்கும் நடுவில் மலையாகக் குவிந்து. நன்றாக ஓடுமா என்று கேட்டதற்குக் கடைக்காரம்மா கொஞ்சம் கோபப்பட்டாள். இந்த ரோட்டில் போகிற பாதிக் கேரவனில் இதே கேமராதான் இருக்கிறது என்றாள். டெஸ்மண்ட் இதைத் தரத்துக்கு அத்தாட்சியாக க்ளெனிஸிடம் ஒப்பித்தார்.

"பாதிப் பேர் முட்டாளா என்ன?" என்று முடித்தார்.

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்," என்றாள் க்ளெனிஸ்.

புதுக் கேமராவில் படம் நேராக வந்தது. செம்மண் தூசியில் கொஞ்சம் மங்கல். மனிதர்கள் ஒரு தொப்பியும் இரண்டு கைகளுமாகத் தெரிந்தார்கள். ரிவர்ஸ் எடுக்க அது போதும். ஒரே ஒரு குறை. வழியில் வேறு கேரவன்களும் நின்ற ஓரிடத்தில் சாப்பிட நிறுத்தியபோது, பழுப்பு நாய் ஒன்று லென்ஸருகே மூக்கை வைத்து முகர்வது திரையில் தெரிந்தது. டெஸ்மண்ட் இறங்கிப் போய்ப் பார்த்தார். நாய் இல்லை. ஏறி உட்கார்ந்தார். நாய் இருந்தது. க்ளெனிஸிடம் இதைச் சொல்லவில்லை. கேமராவின் மானத்தைக் காப்பது தன் மானத்தைக் காப்பது என்ற நிலைக்கு அவர் அப்போது வந்திருந்தார்.

அன்று சாயங்காலம் விராபி பே என்ற கடலோர ஊரின் பார்க்குக்குள் நுழைந்தபோது, சபை கூடியிருந்தது. அடுத்த வரிசையிலும் ஒரு கேரவன் வந்து திரும்பிக்கொண்டிருந்ததால் சபைக்கு அன்று இரட்டைக் காட்சி. டெஸ்மண்டுக்குக் கிடைத்த இடத்தில் ஒரு பக்கம் மரம், ஒரு பக்கம் கரண்ட் கம்பம், பின்னால் புதிதாகப் பச்சைப் பெயின்ட் அடித்த குழாய்.

க்ளெனிஸ் இறங்கினாள். தன் பயணப் பையையும் இறக்கினாள். பஸ் நிற்கும் இடம் பார்க்கின் வாசலிலேயே இருந்தது. பையைக் காலடியில் வைத்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்து, குழாய்ப் பக்கத்தில் போய்க் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஊரின் ஈக்களெல்லாம் செய்தி கேள்விப்பட்டு வந்தன. ஒன்று மூக்கின் நுனியிலேயே உட்கார்ந்தது. அவள் கீழுதட்டை நீட்டி மேல்நோக்கி ஊதினாள். கையைப் பிரிக்கவில்லை.

நாற்காலியிலிருந்து ஒருவர் மனம் பொறுக்காமல் எழுந்து வந்தார். "மாப்ள, நான் வேணா கை காட்டட்டுமா?"

"கையெல்லாம் பழைய காலம்," என்று சொல்லி ஜன்னலை ஏற்றிவிட்டார் டெஸ்மண்ட். அது போதாதென்று, சபை நன்றாகப் பார்க்கும்படி, பக்கவாட்டுக் கண்ணாடிகள் இரண்டையும் மடக்கினார். இனி அவரும் திரையும் மட்டும்.

திரையில் தொப்பி தெரிந்தது. இரண்டு கைகள் தெரிந்தன.

கைகள் ஆடிக்கொண்டிருந்தன.

வா, வா, வா என்றன. டெஸ்மண்ட் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். சந்தேகமே இல்லை. க்ளெனிஸ் மனம் இறங்கிவிட்டாள். முதலில் அவருக்கு வெற்றிக் களிப்பு வந்தது. கொஞ்சம் பொறுத்து, பாவம் என்று தோன்றியது. இதைச் சொல்லிக் காட்டவே கூடாது என்று முடிவெடுத்தார். பிறகு, ஒரே ஒரு தடவை சொல்லிக் காட்டலாம் என்று திருத்திக்கொண்டார்.

கைகள் வா என்றன, வந்தார். இடது கை முகத்தருகிலிருந்து சட்டென்று ஒரு வீச்சு வீசியது, ஸ்டீயரிங்கை ஒடித்தார். மறுபடி வா, இன்னும் வா, எவ்வளவு நேரம் வா என்பது என்ற அவசரத்தோடு வா, வந்தார். திடீரென்று இரண்டு கைகளும் வானத்தை நோக்கி உயர்ந்தன. பிரேக்கை மிதித்தார்.

 வெளியே நாற்காலிகள் கைதட்டின.

கேரவன் சிமென்ட் தரையின் நட்டநடுவே நின்றது. மரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை. குழாய்க்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. டெஸ்மண்ட் இறங்கிப் பின்னால் போனார். க்ளெனிஸ் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். மூக்கில் ஈ.

"தேங்க்ஸ்," என்றார், யாருக்கும் கேட்காதபடி.

"எதுக்கு?"

"கை காட்டினதுக்கு."

வெயில் தலைக்கு ஏறிவிட்டதா என்பதுபோல க்ளெனிஸ் அவரைப் பார்த்தாள். "கட்டின கையைப் பிரிக்கவே இல்லை நான். ஈ உக்காந்த இடத்துலயே இருக்கு பாரு."

ரோஷக்காரி. டெஸ்மண்டுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "சரி சரி, நீ காட்டவே இல்லை. அன்னைக்கு நான் கத்தினது தப்புதான்."

இதை க்ளெனிஸ் எதிர்பார்க்கவில்லை. கேரவனைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், குனிந்து பையை எடுத்தாள். "நல்லாத்தான் எடுத்தே டெஸ். ஒத்துக்கிறேன். கேமரா விஷயத்துல நான்தான் அவசரப்பட்டுட்டேன்." பையைக் கேரவனுக்குள் வைத்துவிட்டு வந்து, அவர் பக்கத்தில் மறுபடி கைகட்டி நின்றாள். இம்முறை சும்மா, பழக்கத்தில்.

சபையைப் பார்த்து டெஸ்மண்ட் தொப்பியைத் தூக்கினார். அப்போது அடுத்த வரிசையிலிருந்து ஒருவர், பழுப்பு நாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார்.

"தலைவரே, கைகட்டி நிக்கிற இந்த அம்மாவைக் கொஞ்சம் பெட்ரோல் பங்க்ல வாங்கின என் கேமராவை விட்டு நகரச் சொல்லுங்க, இவங்க மேல ஏத்திடுவேனோன்னு நான் வண்டியை அசைக்கவே இல்லை, அங்க என் பொண்டாட்டி 'வா வா'ன்னு கையாட்டி ஆட்டி ஓஞ்சு, கடைசியில ரெண்டு கையையும் தூக்கிட்டா."