சுதந்திர தினமும் என் இடுப்பும்

சுதந்திர தினத்தன்று எங்கள் தெரு சைக்கிள் ஊர்வலத்துக்கு நானே முன்னால் போவது என்று முடிவெடுத்தேன். தெருக்கூட்டத்தில் எழுந்து அறிவித்தும் விட்டேன்.

"கள்ளக்குறிச்சியிலேருந்து வெள்ளிமலை வரிக்கும் சைக்கிள் மிதிச்சவன் நானு. கல்வராயன் மலைக்கே மூச்சு வாங்கிச்சி, எனக்கு வாங்கல!"

கைதட்டல் காதைப் பிளந்தது.

ஒரே ஒரு சிக்கல். எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. வெள்ளிமலைக்குப் போனது நிஜம். பஸ்ஸில்.

கல்யாணமானதிலிருந்து, 'நடந்தால் உடம்புக்கு நல்லது' என்று சொல்லியே என் மனைவி அம்சவள்ளியைச் சமாளித்து வந்திருக்கிறேன். அன்று காலையும் ஒரு திட்டம் வைத்திருந்தேன். கொடி பிடிக்க வேண்டிய நேரத்தில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"ஐயோ அம்சா! எந்திரிக்க முடியலடி!"

தைலத்தோடு வந்தாள். "எந்தப் பக்கம்?"

"எடது பக்கம்."

"வலது பக்கத்தப் புடிச்சிக்கினு கீறீங்க?"

"அது... நகந்துகினே கீது."

வாசலில் பக்கத்து வீட்டு மாயவன் குரல். "அண்ணே, எல்லாம் ரெடி! நீங்க வந்தா கெளம்பிடலாம்!"

நான் முனகினேன். அம்சவள்ளி வெளியே எட்டிப் பார்த்தாள்.

"அண்ணனுக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சி மாயவா. ஆனா வந்தே தீருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. நான் ஓட்டறேன், அவரு பின்னாடி குந்திக்கினு கொடி புடிப்பாரு."

"நீயா? உனக்கு ஓட்டத் தெரியுமா?" முனக மறந்து கேட்டேன்.

"பள்ளிக்கூடத்துல சர்க்கார் குடுத்த சைக்கிள்ல தெனம் சங்கராபுரம் போயிகினு வந்தவ நானு. ஏறுங்க."

வாசலில் சைக்கிள் நின்றது. சக்கரமெல்லாம் மூவர்ணக் காகிதம். கேரியரில் தலையணைகூட கட்டியிருந்தது.

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் அம்சவள்ளி, அவள் முதுகுக்குப் பின்னால் கொடியோடு நான். சும்மா சொல்லக்கூடாது, ராஜா மாதிரி இருந்தது. பள்ளம் வந்தால் "கெட்டியா புடிச்சிக்குங்க" என்பாள். ஒரு கையால் கொடியையும், மறு கையால் அவள் முந்தானையையும் பிடித்துக்கொண்டேன்.

ஏரிக்கரை மேட்டில் அவளுக்கு மூச்சிரைத்தது. பார்க்கப் பொறுக்கவில்லை. சட்டென்று குதித்து, சைக்கிளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஓடினேன். மேட்டின் உச்சிக்கு வந்த பிறகுதான் இடுப்பு ஞாபகம் வந்தது. தெருவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, இடுப்பு?" என்றான் மாயவன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்சவள்ளி திரும்பினாள். "நாட்டுக்காக வலியப் பொறுத்துக்கினு ஓடியாறாரு!"

அப்படி ஒரு கைதட்டல். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீடு திரும்பியதும், ஊர்வலத்தில் கொடுத்த மிட்டாயை நான் தொடவில்லை. அவளுக்கே கொடுத்தேன்.

"அம்சா, இன்னிக்கி என் மானத்தக் காப்பாத்திட்ட. வூட்டு விசயம் வூட்டோட போச்சி. நான் குடுத்து வச்சவன்டி."

அவள் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தாள். அதற்குள் மாயவன் கதவருகே வந்து நின்றான்.

"அண்ணி, குடியரசு தினத்துக்கும் நீங்கதான் முன்னாடி போவணும்னு தெருவுல பேசி முடிச்சிட்டோம். அன்னிக்கி அண்ணனுக்கு இன்னா வலி வரும்னு, இந்தவாட்டி சொன்ன மாரியே மொத நாளே சொல்லிடுங்க!"