பத்து நொடிப் பனி

கணினி முன் உட்கார்ந்ததும் மவுஸைக் காபிக் கோப்பைக்குப் பின்னால் தள்ளிவைக்கும் ஓர் இனம் உண்டு. வருடக்கணக்காகக் கவனித்துவருகிறேன், எங்கள் தம்பெரே நகரத்து மாணவர் குடியிருப்பில் மாடிக்கு ஒருவர் தேறுவார். சட்டைப்பைக்குள் அடங்கும் வீடியோ பிளேயருக்கு ஏற்றபடி படங்களை மாற்றித் தருவது இவர்கள் திருப்பணி. ஒரே பொத்தானில் அதைச் செய்யும் மென்பொருள் இருக்கிறதே என்கிறீர்களா? ஐயோ, சத்தமாகச் சொல்லாதீர்கள்! இவர்களுக்குக் கறுப்புத் திரை வேண்டும், அதில் மூன்று வரி நீளும் கட்டளை வேண்டும், அகலம், உயரம், ஒலி எல்லாவற்றையும் தம் கையாலேயே தட்ட வேண்டும், தட்டியதும் எழுத்துகள் அருவியாகக் கொட்ட வேண்டும், அதைக் கைகட்டி ரசிக்க வேண்டும். படமா? அதை யார் பார்ப்பது!

என் அறைத்தோழன் இல்மாரி இந்த இனத்தின் சிகரம். அவன் அக்கா மார்கெட்டாவுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. மாமியார் வடக்கே கெமியார்வியில் கால் முறிந்து கிடந்ததால் மகன் கல்யாணத்துக்கே வர முடியவில்லை. அவருக்குக் கல்யாண வீடியோவைச் சட்டைப்பைப் பிளேயரில் போட்டுக் காட்ட, அக்கா ரயிலேறக் கிளம்பி எங்கள் அறையில் வந்து நின்றாள்.

“டேய், முடிஞ்சுதா? ரயிலுக்கு நேரமாச்சு.”

“கொஞ்சம் பொறுக்கா. பனி விழற இடத்துல படம் கட்டம் கட்டமா உடையுது.”

“உடையட்டும்டா! அவங்களுக்கு மகன் முகம் தெரிஞ்சா போதும்.”

“முகத்தை எவன் வேணா மாத்துவான். பனிதான்க்கா சோதனை.”

தேவாலய வாசலில் பனி கொட்டும் பத்து நொடியை மட்டும் மாற்றும்படி கட்டளையில் ஒரு சொல்லைச் சேர்த்து, ஓடவிட்டு, திட்டி, திருத்தி, மறுபடி ஓடவிட்டு, கடைசியில் “ஆகா!” என்று எழுந்து ஆடினான். எங்கள் வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் வந்த முதல் ஆள் நான். படிப்பு என்றால் இதுதான் போலும் என்று நானும் சேர்ந்து ஆடினேன்.

அப்புறம் முழு வீடியோவையும் மாற்ற அதே கட்டளையைத் தட்டினான். பத்து நொடி போதும் என்ற அந்தச் சொல்லை எடுக்க மறந்துவிட்டான். கண்ணிமைக்கும் முன் முடிந்தது. சந்தேகப்பட்டானா? “பாத்தியா வேகத்தை!” என்று மார்தட்டினான்.

“ஒரு தடவை போட்டுப் பாக்கட்டுமா?” என்றாள் அக்கா.

“வேணாம்க்கா, பேட்டரி தீந்துடும்.”

மறுநாள் தொலைபேசியில் மாமியாரே வந்தார்.

“தம்பி, பனி ரொம்ப அழகா இருக்கு. ஆனா அது என் ஜன்னலுக்கு வெளியவே கொட்டுதே. என் புள்ள எங்கப்பா?”

இல்மாரியின் முகம் மலர்ந்தது. “அம்மா, ஒவ்வொரு துகளும் தனித்தனியா தெரிஞ்சுதா?”

சிரிக்கிறீர்களா? கேட்டவர் ஒருபக்கம் காத்திருக்க, கேட்ட வேலையை விட்டுவிட்டு அதைச் செய்யும் விதத்தையே நீங்கள் கடைசியாகச் செதுக்கிக்கொண்டிருந்தது எப்போது? பதிலை மெல்லவே சொல்லுங்கள், வீட்டில் யாராவது கேட்டுவிடப் போகிறார்கள்.

முழு வீடியோவையும் அன்றே அனுப்புவதாக இல்மாரி வாக்குக் கொடுத்தான். இப்போது பனியின் வெண்மையைச் சரிசெய்கிறானாம். அந்த அம்மாள் கால் கூடி, கடைக்குப் போய்வரத் தொடங்கிவிட்டார். மகன் கல்யாணம்தான் இன்னும் அவருக்குப் போய்ச் சேரவில்லை.