நாலு பேருக்கான தரை

ஃபிரானேக்கர், ஏப்ரல் 9

அன்புள்ள தங்கை சீட்ஸ்கேவுக்கு, அண்ணன் ஹார்மென் எழுதிக்கொண்டது. நான் நலம். வீட்டின் நலத்தைக் கீழே படித்துக்கொள். உன் இடுப்புவலி தேவலை என்று நம்புகிறேன்.

தரைக்கடியில் குழாய் பதிக்கப்போவதாகப் போன மாதம் எழுதியிருந்தேன் அல்லவா? குளிர்காலத்தில் அதில் வெந்நீர் ஓடும், கோடையில் குளிர்ந்த நீர் ஓடும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் குழாய் பதிக்கும் யெல்மர் வந்ததுமே காகிதத்தை விரித்து, "வீட்ல எத்தனை பேருங்க?" என்றார். நாலு பேர் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்காதே, வாய் அப்படிச் சொல்லிவிட்டது. அறைக்கு அறை தனிச் சூடு வைக்கலாமாம், அதனால் யாருக்கு எவ்வளவு என்று கேட்டார். மாடி அறையில் என் தங்கை, அவளுக்குக் குளிர் ஆகாது, இருபத்துமூன்று போடுங்கள் என்றேன். உன் அண்ணியின் தையல் அறைக்குப் பத்தொன்பது. "நாலாவது ஆளு?" அவர் அடிக்கடி வெளியூர் போகிறவர் என்று சமாளித்தேன். இந்தப் பொய்யைக் காப்பாற்ற அவரை ஐந்து முறை வரவழைக்க வேண்டியதாயிற்று. ஒருநாள் தரைக்கு மேலே ஓடு பதிப்பதா மரம் பதிப்பதா என்று கேட்க, இன்னொரு நாள் கோடையில் தரை வேர்க்குமா என்று கேட்க. "ரொம்பக் குளிர வெச்சா வேர்க்குங்க, வழுக்கியும் விட்ரும்" என்று ஒரு மணி நேரம் விளக்கினார். நானும் கிராம்பு போட்ட பாலாடைக்கட்டியை வெட்டி வெட்டி வைத்தேன்.

ஐந்தாம் முறை அளவெடுக்கக் குளியலறைக்குப் போனவர் மெதுவாகத் திரும்பி வந்தார். "நாலு பேருக்கு ஒரே பிரஷ்ஷாங்க?" நான் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். உன் அண்ணி ரிக்ஸ்ட் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஆளில்லாத ரூமுக்குக் குழாய் வேணாம்னு சொல்லத்தான் வந்தேன். சரி, இன்னொரு காப்பி குடுங்க" என்று உட்கார்ந்தார்.

அப்புறம் அண்ணியின் நீலக் கம்பளத்தால் வந்தது தகராறு. "இது மேல கெடந்தா சூடு ஏறாதுங்க, எடுத்துருங்க" என்றார். அதன் மேல் நடந்துதான் அவள் தினமும் ஜன்னலுக்குப் போவாள் என்றேன். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போய்விட்டார். இன்னும் ஒரு முடிவுக்கும் வரவில்லை. நாற்காலியெல்லாம் கொட்டகையில் கிடக்கிறது, வீடு முழுக்கத் தூசி. ஆகவே இந்த ஈஸ்டருக்கு நீ வர வேண்டாம். தனியாக இருப்பது எனக்குப் பழகிவிட்டது, வசதியாகவும் இருக்கிறது.

உன் வீட்டார் அனைவருக்கும் என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
ஹார்மென்

பின்குறிப்பு: மேலே தூசி என்று எழுதியதை நம்பாதே. தரை வேலை முடிந்து பன்னிரண்டு நாளாகிறது. தூசி துளிகூட இல்லை. கம்பளத்தை நானே சுருட்டி வைத்துவிட்டேன். சூட்டைக் காட்டும் அளவுகாட்டி தப்பாகக் காட்டுகிறது என்று யெல்மருக்கு இரண்டு முறை போன் செய்தேன். "சரியாத்தான் இருக்குங்க, வேற யாரையாச்சும் கூப்பிடுங்க" என்று அன்பாகத்தான் சொன்னார். ஈஸ்டருக்கு எந்த ரயிலில் வருகிறாய் என்று எழுது. எழுதாவிட்டால் எல்லா ரயிலுக்கும் வந்து நிற்பேன்.