செல்விக்கு ஃப்ரீவே என்றால் பயம்

இனிமேல் தரையில் காலம் தள்ளுவதில்லை என்று ஒரு சனிக்கிழமை மத்தியானம் முடிவெடுத்தேன். முடிவெடுத்த இடம், டெக்ஸாஸில் பிளேனோ என்ற ஊரில் ஒரு இந்தியன் கடையின் பார்க்கிங் லாட். பின் சீட்டில் மகள் வெண்பா டான்ஸ் கிளாஸ் முடிந்த களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தாள். டிக்கியில் பொன்னி அரிசி மூட்டை. கடைக்குள்ளே என் மனைவி தாமரைச்செல்வி, ஊரிலிருந்து வந்த முருங்கைக்காயா, ஐஸில் வைத்த முருங்கைக்காயா என்று ஆராய்ச்சியில் இருந்தாள். அடுத்து கணக்கு கிளாஸ். அதற்கடுத்து ஃபிரிஸ்கோவில், ஆளுக்கொரு பதார்த்தம் செய்துகொண்டு போய்க் கூடிச் சாப்பிடுகிற ஒரு பாட்லக். எல்லாவற்றுக்கும் டிரைவர் நான்தான்.

என் பெயர் சேனாபதி. பெயரோடு சரி. தேர் ஓட்டுகிற வேலைதான் கிடைத்தது.

செல்வி ஏன் ஓட்டுவதில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்கள் காப்பெல்லுக்குக் குடி வந்த புதிதில், அவளுக்குக் கார் கற்றுக்கொடுத்தவன் நான். முதல் தடவை ஃப்ரீவேயில் ஏறும்போது கொஞ்சம் கத்திவிட்டேன். கொஞ்சம் என்றால், பக்கத்து லேன் ட்ரக்குக்காரன் கண்ணாடியை இறக்கிப் பார்க்கிற அளவுக்கு. அவள் அடுத்த எக்ஸிட்டில் வெளியே வந்து காரை நிறுத்தினாள். அன்றிலிருந்து ஆபீஸுக்கும் உள்ரோடு, பக்கத்துக் கடைக்கும் உள்ரோடு. "செல்விக்கு ஃப்ரீவேன்னா பயம்" என்று நானே போகிற பாட்லக்கில் எல்லாம் சொல்லிவைத்தேன். அவளும் பக்கத்தில் நின்று தலையாட்டுவாள். டெக்ஸாஸில் ஃப்ரீவே ஏறாமல் போய்ச் சேரக்கூடிய இடம் தபால் பெட்டி ஒன்றுதான். ஆகவே என் சனிக்கிழமை எல்லாம் ஸ்டியரிங்கில் கழிந்தது. எனக்கு அலுத்துவிட்டது ஐயா. உடம்பு அலுத்து, மனசு அலுத்து, கார் சீட்டே அலுத்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் செல்வி வேலை பார்க்கிற யுனிவர்சிட்டியில் குடும்பங்களுக்கான பிக்னிக் வந்தது. ஒரு மேஜைக்குப் பின்னால் ஒரு பையன், குட்டி விமானத்தின் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரஞ்சித்குமார், கரூர்க்காரன். அங்கேயே டாக்டரேட் பண்ணிக்கொண்டு, ஓய்வு நேரத்தில் விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவன். யுனிவர்சிட்டி ஃப்ளையிங் கிளப் என்றான். விமானம் மெம்பர்கள் எல்லோருக்கும் பொதுச்சொத்து. லாபம் கிடையாது. பறந்த நேரத்துக்கு மட்டும் காசு. கழுவித் துடைப்பது எல்லாம் மெம்பர்களே. அதனால் வெளியில் கற்பதைவிடப் பாதிக்கும் கீழே முடிந்துவிடும் என்றான்.

வானம். அங்கே டான்ஸ் கிளாஸ் இல்லை. "அப்படியே கொத்தமல்லி ஒரு கட்டு" என்று போன் வராது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு சிக்கல் இருந்தது. யுனிவர்சிட்டி ஊழியர்தான் முதலில் சேரவேண்டும். அவர் ஒரு தடவை அறிமுகப் பறப்பு போய்வந்த பிறகு குடும்பத்தாரைச் சேர்த்துக்கொள்ளலாம். இதைக் கேட்டதும் என் மூளை வேலை செய்தது. ஃப்ரீவேக்கே நடுங்குகிறவள் வானத்தில் என்ன பாடுபடுவாள்? ஒரே ஒரு தடவை ஏறுவாள், அலறுவாள், இறங்குவாள், அதன்பிறகு அந்தப் பக்கமே வரமாட்டாள். மெம்பர்ஷிப் அவள் பெயரில், விமானம் என் கையில். நான் மேலே இருக்கும்போது வெண்பாவை யாராவது கூட்டிப்போய்த்தானே ஆகவேண்டும். கார்பூல் பிடிப்பதோ வேறு வழி பார்ப்பதோ செல்வியின் பொறுப்பு.

அன்று ராத்திரி தோசைக்கல் பக்கத்தில் பேச்சை எடுத்தேன்.

"செல்வி, அந்த ஃப்ளையிங் கிளப்புல ஒரு மெம்பர்ஷிப் போட்டுடேன்."

"எதுக்குங்க?"

"நான் பறக்கலாம்னு இருக்கேன்."

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். "கூரை ஏறிக் கோழி புடிக்க முடியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்னு எங்கூருல சொல்லுவாங்க."

"நீ ஒரே ஒரு தடவை வந்தா போதும். அப்புறம் உன்னைத் தொந்தரவு பண்ணமாட்டேன்."

"சனிக்கிழமை வெண்பாவை யாருங்க கூட்டிட்டுப் போறது?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம்."

"சரிங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு சீக்கிரம் ஒரு சரிங்க எனக்குக் கிடைத்ததில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். நெய் தோசை வந்துவிட்டது, விட்டுவிட்டேன்.

அறிமுகப் பறப்பு நாளன்று வழியெல்லாம் அவளைத் தயார்ப்படுத்தினேன். சின்ன விமானம், ஆட்டோ மாதிரி குலுக்கும், பயமாக இருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடு என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். நான் கிளம்பும் முன்பே நிம்மதியாக வெண்பொங்கலை ஒரு கட்டு கட்டியிருந்தேன்.

முன்னால் இடதுபக்கம் செல்வி, வலதுபக்கம் ரஞ்சித்குமார். பின்னால் நானும் வெண்பாவும். எல்லோர் காதிலும் ஹெட்செட். ஒருத்தர் பேசினால் நாலு பேருக்கும் கேட்கும். விமானம் மேலே ஏறியது. டெக்ஸாஸ் வெயிலில் காற்று கீழிருந்து தூக்கித் தூக்கிப் போட்டது. ரஞ்சித் நிதானமாக, "அக்கா, இப்ப நீங்க புடிங்க. விரல்ல லேசா புடிச்சா போதும்" என்றான்.

அவள் பிடித்தாள். நான் விடுவேனா?

"பாத்து செல்வி. லெஃப்ட்ல சாயுது பாரு. மெதுவா. ஐயோ, அங்க ஒரு கழுகு. செல்வி, கழுகு."

"தம்பி" என்றாள் செல்வி. "பின்னாடி இருந்து வர்ற சத்தத்தை மட்டும் நிறுத்த இதுல வழி இருக்குங்களா?"

"இருக்குக்கா. இந்த ஸ்விட்ச்."

டக். அவ்வளவுதான். அதற்கப்புறம் நான் கத்தியது அவர்களுக்குக் கேட்கவில்லை. அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. முன்சீட்டில் செல்வியின் தோள் மெல்ல இறங்கி, கழுத்து நேரானது மட்டும் தெரிந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். சரியாகப் பார்க்க முடியவில்லை. அந்த நேரத்தில் என் தலை ஒரு காகிதப் பைக்குள் இருந்தது. பொங்கல் மிளகோடு திரும்பி வந்துகொண்டிருந்தது.

"அப்பா, ஆர் யூ ஓகே?" என்றாள் வெண்பா. "அம்மா இஸ் ரியலி குட் அட் திஸ்."

இறங்கியதும் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். செல்வி ரஞ்சித்திடம் அடுத்த கிளாஸ் எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாக் கிளாஸும் சனிக்கிழமை காலையில்தானாம்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். விமான நிலையம் ஃப்ரீவேக்கு அந்தப் பக்கம். செல்விக்குத்தான் ஃப்ரீவே பயமாயிற்றே. ஆகவே காலையில் அவளைக் கொண்டுபோய் அங்கே இறக்குவேன். திரும்பி வெண்பாவை டான்ஸ் கிளாஸில் விடுவேன். அரிசி, முருங்கைக்காய் இப்போது நானே தனியாக வாங்குவேன், தப்பாக வாங்கி வசவும் வாங்குவேன். மறுபடி போய் செல்வியைக் கூட்டிவருவேன். மெம்பர்கள் விமானத்தைக் கழுவ வேண்டிய முறை வந்தால், குடும்பத்தாரும் கழுவலாம் என்று விதியில் இருந்தது. இறக்கைக்கு அடியில் மல்லாந்து படுத்து, செத்த பூச்சிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, தன் காசில் தனக்கே சூனியம் வைத்துக்கொண்டவனை நினைத்துக்கொண்டேன்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. மறைக்கவில்லை. ஆனால் சில மாதம் கழித்து, வேலிக்கு வெளியே நின்று, அவள் தனியாக ஓட்டி முதல் தடவை தரையிறங்கியதைப் பார்த்தபோது கைதட்டிவிட்டேன். சக்கரம் தரையைத் தொட்டதே தெரியவில்லை. என் பெண்டாட்டி என்று பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரரிடம் சொன்னேன், அவர் கேட்காமலே.

அங்கே ஒரு வழக்கம் உண்டாம். முதல் தடவை தனியாகப் பறந்து வந்தால், போட்டிருக்கிற சட்டையின் முதுகுப் பக்கத்தைக் கத்தரித்து, பெயரும் தேதியும் எழுதிக் கிளப் சுவரில் மாட்டுவார்கள். ரஞ்சித் கத்தரிக்கோலோடு வந்தபோதுதான் கவனித்தேன். செல்வி போட்டிருந்தது என் பிறந்தநாள் சட்டை. இந்த வழக்கம் அவளுக்குப் போன வாரமே தெரியுமாம்.

சட்டை போனால் போகட்டும். எனக்கு வேறொரு வெளிச்சம் வந்திருந்தது. பார்க்கிங் லாட்டில் சாவியை அவளிடம் நீட்டினேன்.

"தனியா ப்ளேன் ஓட்டுறவளுக்கு ஃப்ரீவே என்ன பிரமாதம்? இன்னிக்கு நீ ஓட்டு. நல்லா ஓட்டிட்டேன்னா, அடுத்த வாரத்துலேர்ந்து டான்ஸ் கிளாஸ், கடை எல்லாம் உன் டிபார்ட்மென்ட்."

அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். "ஓட்டறனுங்க. நீங்க வீடு போற வரைக்கும் பேசாம வரோணும். பேசினீங்கன்னா பழையபடி நீங்கதான். சம்மதமா?"

இது ஒரு நிபந்தனையா? வாயில் விரல் வைத்துக் காட்டினேன். வெண்பா பின்சீட்டில் சாட்சி.

செல்வி காரை எடுத்தாள். ஃப்ரீவேக்கு ஏறுகிற வளைவில் வேகம் கூட்டினாள், கண்ணாடியைப் பார்த்தாள், சிக்னல் போட்டாள். பின்னால் தூரத்தில் ஒரு ட்ரக். இடம் தாராளமாக இருந்தது, அது எனக்கும் தெரிந்தது. என் மூளைக்குத் தெரிந்தது. வாய்க்குத் தெரியவில்லை.

"பாத்து பாத்து பாத்து, செல்வி, ட்ரக்கு."

அவள் அலுங்காமல் ஃப்ரீவேயில் ஏறி, இரண்டு லேன் தாண்டி, அந்த ட்ரக்கை முந்தி, அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, பெட்ரோல் போடுகிற ஒரு கேஸ் ஸ்டேஷனில் கோடு பிசகாமல் நிறுத்தினாள். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி என் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"நீ நல்லாத்தானே ஓட்டின" என்றேன் பரிதாபமாக. "உனக்கு எங்க பயம்?"

"இருக்கட்டுங்க" என்றாள் செல்வி. "எனக்கு ஃப்ரீவேன்னா பயம்னு இத்தனை வருஷமா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கீங்க, கட்டின புருஷன் வார்த்தையை நான் பொய்யாக்கலாமுங்களா?"