கட்டை முளைத்த பீரோ

தருமபுரி
12.5.1984

அன்புள்ள மச்சான் அப்துல் சுபான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உங்கள் தங்கை ஷகிலாவும் மகள் வஹிதாவும் சுகம். என் மானம் ஒன்றுதான் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. நைஜீரியாவில் வாத்தியார் வேலை பார்க்கும் உங்களுக்கு ஆண்டவன் நீண்ட ஆயுளையும், படம் அனுப்பினால் கூடவே நாலு வரி விளக்கம் எழுதும் புத்தியையும் கொடுக்கட்டும்.

மாலி நாட்டுக்குப் போய்விட்டு அனுப்பினீர்களே, மண்ணாலேயே கட்டிய மாடிவீட்டுப் படம், அதைப் பார்த்த அன்றே வஹிதாவின் கல்யாணத்துக்கு அதே மாதிரி பீரோ செய்வதென்று முடிவு கட்டினேன். கீழே அகலம், மேலே போகப் போகக் குறுகல், உச்சியில் மூன்று கூம்பு, சுவரெல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கட்டைகள், எதையும் விடவில்லை. இப்படியொரு மாடர்ன் பீரோவைத் தருமபுரியில் எந்த ஆசாரியும் செய்ததில்லை. ஆனால் பட்டறையிலிருந்து வண்டியில் ஏற்றி வந்தபோது தையற்கடை மஸ்தான் வாசலில் தொங்கவிட்டிருந்த சட்டைகள் கட்டைகளில் மாட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டன, அவர் கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்தார், வீட்டில் இறக்கினால் உங்கள் தங்கை ஒரு கட்டையில் முறத்தையும் இன்னொன்றில் வெங்காயக் கூடையையும் மாட்டிவிட்டு, "நல்லாத்தாங்க இருக்குது, இன்னும் ரெண்டு கட்டை வெச்சிருக்கலாம்" என்கிறாள், இந்தச் சேதியெல்லாம் கடத்தூர் வரை போய், மாப்பிள்ளையின் அம்மா அமீருன்னிசா, "பீரோவா அது, முள்ளம்பன்னியா? கட்டைய அறுங்க, இல்லாட்டி ஸ்டீல் பீரோ குடுங்க. அப்பறம் நிக்காஹ் பத்திப் பேசலாம்" என்று சொல்லியனுப்பிவிட்டார்.

தச்சன் மகளுக்குத் தகர பீரோவா? ஒரு கட்டையைக்கூட அறுக்க மாட்டேன். வஹிதாவும் என் பக்கம்தான். நாளை அந்த அம்மா நேரில் வருகிறார். கட்டை எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வதென்றுதான் தெரியவில்லை. இனிமேல் தயவுசெய்து எந்தப் படமும் அனுப்ப வேண்டாம்.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் சலாமும் துஆவும்.

இப்படிக்கு,
அப்துல் ரஷீத்

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் அந்த அம்மா வந்துவிட்டார். பீரோவைத் திறந்ததும் உள்ளிருந்து ஒரு எலி பாய்ந்தது. கண்மூடித் திறப்பதற்குள் அந்த அம்மா கட்டை கட்டையாகக் கால் வைத்து ஏறி, உச்சிக் கூம்பைக் கட்டிக்கொண்டார். ஒரு கட்டையும் அசையவில்லை, மச்சான்! மாலியிலும் ஏறுவதற்குத்தான் கட்டை வைத்திருக்கிறார்களோ என்னவோ. மேலிருந்தபடியே, "நிக்காஹ் தேதிய வெச்சிருங்க. இந்த பீரோ என் ரூமுக்கு. பொண்ணுக்கு ஸ்டீல்லயே குடுத்துருங்க" என்றார். வஹிதா சோறு தின்ன மறுக்கிறாள். "மாமியாளுக்குக் கட்டை பீரோ, எனக்குத் தகரமா அத்தா?" என்கிறாள். இரண்டாவது பீரோவுக்கு மரம் அறுக்கத் தொடங்கிவிட்டேன். உடனே மாலிக்குப் போய் அந்த வீட்டின் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள்.