குடும்பச் சூழல் ஆய்வுப் படிவம்

கண்ணாடிக்காரர் அன்று காலை பல் துலக்கிக்கொண்டே ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். இனிமேல் மனைவி படுகிற கவலை முழுவதையும் தானே பட்டுவிடுவது!

நல்ல முடிவை ஆறப்போடக் கூடாது என்று வாய் கொப்பளிக்காமலே சமையலறைக்கு வந்துவிட்டார். அதனால் முடிவு கொஞ்சம் நுரையோடு வெளிப்பட்டது.

“இந்தா, இங்கே பாரு. ரிசல்ட் வர்ற வரைக்கும் நீ எதைப் பத்தியும் யோசிக்கக் கூடாது.”

“எதைப் பத்தியும்னா?”

“எதைப் பத்தியும்னா எதைப் பத்தியும்தான்!”

“அப்போ மத்தியானச் சாப்பாடு?”

“அது... அதைப் பத்தி மட்டும் யோசிக்கலாம்.”

மனைவி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சிரித்தாளா முறைத்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து இருபது வருஷமாக ஊர்க்காரர்களின் கண்ணைச் சோதிக்கிறவர் அவர். வீட்டில் மட்டும் அவருக்குக் கிட்டத்துப் பார்வை கொஞ்சம் மட்டு.

மனைவிக்கு ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தெருவில் அவளுக்கு ‘ஊசியக்கா’ என்று பெயர். ஊசி குத்தினால் வலிக்காது. பேச்சு குத்தினால்தான் வலிக்கும். முப்பத்தொன்பது வயது, ஐந்தாவதும் ஏழாவதும் படிக்கிற இரண்டு பெண்கள். பட்டம் வாங்கிப் பதினாறு வருஷம் கழித்து, மேற்படிப்புப் படிக்கப்போகிறேன் என்று மூன்று பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள்.

போட்டு ஒன்றரை மாதம் ஆயிற்று. பதில் இல்லை. அவள் துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள். குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டாள். மறுநாள் போடவே இல்லை. ஒரு மணி நேரத்தில் இருபது தடவை போனை எடுத்து மெயில் பார்த்தாள். பேருந்துக்குக் காத்திருந்தாலாவது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று தெரியும். இதற்கு எந்தப் பக்கம் பார்ப்பது?

“அதான் சொல்றேன்” என்றார் கண்ணாடிக்காரர். “போன்ல மெயில் பாக்கிறதை நிறுத்து. என் கடைக் கம்ப்யூட்டர்லதானே விண்ணப்பம் போட்டே? உன் மெயில் அங்கே திறந்தேதான் கிடக்கு. நான் பாத்துக்கிறேன்.”

“ஏதாவது வந்தா உடனே சொல்லணும்.”

“உடனே.”

“நல்லதோ கெட்டதோ?”

“கெட்டதுன்னு வாயில ஏன் வருது உனக்கு? சொல்லிடறேன். சத்தியம்.”

அவள் அவர் கண் முன்னாலேயே போனிலிருந்து மெயிலை நீக்கிவிட்டாள். இவ்வளவு சுலபமாக மனைவி தன் பேச்சைக் கேட்டது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அந்தப் பெருமிதத்தில் அவர் கடைக்கு இரண்டு தெரு சுற்றிப் போனார்.

நாலாம் நாள் முதல் பதில் வந்தது. ஒரு வாடிக்கையாளரை எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார வைத்துவிட்டு, பக்கவாட்டில் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார். ‘வருந்துகிறோம்’ என்று தொடங்கியது. அதற்கு மேல் எழுத்து ஓடவில்லை.

“கடைசி வரி தெரியுது சார்” என்றார் வாடிக்கையாளர்.

“எனக்கு முதல் வரியே தெரியலைங்க” என்றார் கண்ணாடிக்காரர்.

இதைப் போய் அவளிடம் எப்படிச் சொல்வது? விண்ணப்பக் கட்டுரையை அவள் ஒன்பது தடவை திருத்தி எழுதியதை அவர் பார்த்திருக்கிறார். பெண்கள் இருவரையும் எதிரே உட்கார வைத்து உரக்கப் படித்துக் காட்டியதையும் பார்த்திருக்கிறார். சத்தியம் ஒரு பக்கம் இழுத்தது, பாசம் ஒரு பக்கம் இழுத்தது. பாசத்துக்குக் கொஞ்சம் கை நீளம். மெயிலை அழித்துவிட்டார்.

அன்று மாலை அவர் வீட்டுக்குள் நுழைந்ததே சீட்டியடித்துக்கொண்டுதான். அவருக்குச் சீட்டி வராது. வெறும் காற்றுதான் வந்தது.

“இன்னிக்கு மெயில் ஏதாவது வந்துச்சாங்க?”

“மயிலா? இந்தத் தெருவுல ஏது மயில்?”

“மெயில்.”

“ஓ, மெயிலா! வந்துச்சு, வந்துச்சு. கண்ணாடி பிரேம் கம்பெனிக்காரன் போட்டிருந்தான். புது மாடல் இறக்கியிருக்கானாம்.”

அதோடு வாயை மூடியிருக்கலாம். சாப்பிடும்போது, யாரும் கேட்காமலே, “படிப்புல என்ன இருக்கு?” என்று ஆரம்பித்தார். “படிக்காதவங்க எத்தனை பேர் சந்தோஷமா இருக்காங்க!”

“யாரு?”

“ஏன், நானே இல்லையா?”

“நீங்க டிப்ளமா படிச்சவர்.”

“அதான் சந்தோஷம் லேசாக் குறையுது!”

மனைவி அவரையே ஒரு நிமிஷம் பார்த்தாள். ரத்தக் குழாயைத் தேடும்போது பார்க்கிற பார்வை அது. பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அடுத்த வாரம் இரண்டாவது பதில். காத்திருப்போர் பட்டியலில் பதினான்காவது இடம். இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்றே அவருக்குப் பிடிபடவில்லை. பக்கத்துக் கடை எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டினார். எலெக்ட்ரீஷியன் எந்த விஷயத்திலும் கை வைப்பார். சில சமயம் ஷாக்கும் அடிக்கும்.

“பதினாலாவதுன்னா சார், முன்னால நிக்கிற பதிமூணு பேருக்கும் ஏதாவது ஆகணும்.”

“ஐயையோ, யாருக்கும் எதுவும் ஆக வேண்டாம்ப்பா!”

“அப்ப அக்காவுக்கு சீட்டும் ஆகாது.”

கண்ணாடிக்காரர் அன்று முழுவதும், முகம் தெரியாத அந்தப் பதின்மூன்று பேருக்கும் இதைவிட நல்ல இடம் கிடைக்க வேண்டும் என்று மனசார வாழ்த்தினார். ஒருவருக்கு உத்தியோகம், ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்கு இரட்டைக் குழந்தை. சாயங்காலத்துக்குள் எட்டுப் பேருக்கு வழி பண்ணிவிட்டார். மீதி ஐந்து பேர் அசையவில்லை. ஆகவே இந்த மெயிலும் அழிந்தது. வீட்டில் மறுபடி சீட்டி.

இப்போது அவருக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் வரவில்லை. பத்திரிகையில் போட்டிருந்தபடி நாலு எண்ணி மூச்சை இழுத்து ஏழு எண்ணி விட்டுப் பார்த்தார். நாலுக்கும் ஏழுக்கும் நடுவில் பதினாலு வந்து நின்றது. மனைவியோ ஆச்சரியமாகத் தெளிந்துவிட்டாள். குழம்பில் உப்பு சரியாக இருந்தது. ஒருநாள் பாட்டுக்கூட முணுமுணுத்தாள். ‘பாவம், ஒன்றும் தெரியாததால் நிம்மதியாக இருக்கிறாள்’ என்று நினைத்துக்கொண்டார். தன் திட்டம் பலித்துவிட்டதை எண்ணித் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளப் பார்த்தார். கை எட்டவில்லை.

மூன்றாவது மெயில் ஒரு வியாழக்கிழமை வந்தது. தலைப்பைப் பார்த்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

‘சேர்க்கைக் குழு, குடும்பச் சூழல் ஆய்வுப் பிரிவு. விண்ணப்பதாரர் இறுதிச் சுற்றில் உள்ளார். அவர் குடும்பத் தலைவியாக இருப்பதால், இணைப்பிலுள்ள படிவத்தை அவர் கணவர் தம் கைப்பட நிரப்பி, ஒப்பமிட்டு, இருபத்துநாலு மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். இதை விண்ணப்பதாரரிடம் தெரிவிக்க வேண்டாம். அவருக்கு மன அழுத்தம் ஏற்படலாம்.’

“பாத்தியா!” என்றார் எலெக்ட்ரீஷியனிடம். “என்னை மாதிரியே யோசிக்கிறாங்க! பெரிய இடம்னா பெரிய இடம்தான்.”

படிவத்தில் பன்னிரண்டு கேள்விகள். ‘காலையில் முதலில் எழுவது யார்? பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாக்களை நிரப்புவது யார்? மாலையில் அவற்றைக் கழுவுவது யார்?’ அடியில் தடித்த எழுத்தில் ஒரு குறிப்பு: ‘அவ்வப்போது, முடிந்தால், பார்க்கலாம் போன்ற பதில்கள் ஏற்கப்பட மாட்டா.’

“என்னப்பா எழுதறது?”

“அள்ளி விடுங்க சார். எவன் வந்து எட்டிப் பாக்கப் போறான்?”

அள்ளி விட்டார். எழுவது ‘நான்’. நிரப்புவது ‘நானே’. கழுவுவது ‘நானேதான்’. துணி துவைப்பது, மடிப்பது, மடித்ததை அவரவர் அலமாரியில் வைப்பது என்று கேள்வி பிரிந்துகொண்டே போனது. அவரும் சளைக்கவில்லை. ஒன்பதாவது கேள்வியில்தான் பேனா ஒரு நிமிஷம் நின்றது.

‘கணவரின் மூத்த சகோதரி முன்னறிவிப்பின்றி வந்து பத்து நாட்கள் தங்கும்போது, அவரைக் கவனித்துக்கொள்வது யார்?’

“அட! எனக்கு அக்கா இருக்கிறது இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“பெரிய இடம் சார். எல்லாம் விசாரிச்சிருப்பாங்க.”

“பத்து நாள்னு கரெக்டாச் சொல்றாங்களே!” என்று வியந்து, ‘நான்’ என்று எழுதினார். கடைசிக் கேள்வி, எவ்வளவு காலத்துக்கு? ‘படிப்பு முடியும்வரை’ என்று எழுதியவர், மனைவிக்கு ஒரு இடம் கிடைக்குமானால் கொஞ்சம் தாராளமாகவே இருப்போமே என்று, ‘அதற்குப் பிறகும்’ என்று சேர்த்தார். வளைத்து வளைத்து ஒப்பமிட்டார். நம்பிக்கை வரட்டும் என்று கடை முத்திரையையும் ஓங்கிக் குத்தி, படம் பிடித்து அனுப்பிவைத்தார்.

மறுநாள் முற்பகல் பதில் வந்துவிட்டது. ‘தங்கள் பதில்கள் மிகவும் திருப்திகரம். மனைவியின் இடம் உறுதி.’

கண்ணாடிக்காரர் ஓடினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் அப்படியே இருந்தார். ஆஸ்பத்திரிக்கு மூன்று தெரு. முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி, பரிசோதனைக் கூடத்தின் கதவைத் தள்ளினார்.

“கிடைச்சிடுச்சு! உனக்கு இடம் கிடைச்சிடுச்சு!”

மனைவி ரத்தக் குப்பியில் பெயர்ச் சீட்டை நிதானமாக ஒட்டினாள். கையுறையைக் கழற்றினாள். “உட்காருங்க முதல்ல. முகமெல்லாம் வேர்த்திருக்கு.”

“உனக்குச் சந்தோஷமா இல்லையா?”

“ரொம்பச் சந்தோஷம். போன செவ்வாய்க்கிழமையில இருந்தே சந்தோஷமாத்தான் இருக்கேன்.” இழுப்பறையைத் திறந்து ஒரு பழுப்பு உறையை நீட்டினாள். மூன்றாவது பல்கலைக்கழகத்தின் அசல் கடிதம். தபாலில், ஆஸ்பத்திரி விலாசத்துக்கு வந்திருந்தது. நேரடி அனுமதி.

“செவ்வாய்க்கிழமையா? அப்ப நேத்து நான் நிரப்பினது?”

“அழிச்ச மெயிலெல்லாம் குப்பைத் தொட்டியில முப்பது நாள் இருக்கும்ங்க. இங்கேயும் கம்ப்யூட்டர் இருக்கே.” அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. “முதல் மெயிலை இங்கே உட்கார்ந்துதான் படிச்சேன். பாத்ரூம்ல போய்ப் பத்து நிமிஷம் அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிட்டு நாற்பது பேருக்கு ரத்தம் எடுத்தேன். நீங்க சொல்லியிருந்தா வீட்டுலயே அழுதிருப்பேன். பக்கத்துல ஒரு ஆளாவது இருந்திருக்கும்.”

கண்ணாடிக்காரர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். அவர் அவளுக்காகப் பட்ட கவலை ஒன்றுகூட அவளிடமிருந்து குறைந்திருக்கவில்லை. அவருடையதுதான் கூடுதலாகச் சேர்ந்திருந்தது.

“நீ வருத்தப்படக் கூடாதுன்னுதான்...”

“தெரியும். சீட்டியடிக்கத் தெரியாதவர் ரெண்டு வாரம் சீட்டியடிச்சீங்களே. அதுக்காகத்தான் கோபப்படலை.” இழுப்பறையிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். அவர் நிரப்பிய படிவம். ஆஸ்பத்திரி இயந்திரத்தில் அச்செடுத்து, தண்ணீர் பட்டாலும் நனையாதபடி பிளாஸ்டிக் உறை போட்டிருந்தாள். “இது சமையலறைச் சுவத்துக்கு.”

“நீயா அனுப்பினே? பல்கலைக்கழகத்துல இருந்தில்லையா?”

“அனுப்பின விலாசத்தைப் பாத்தீங்களா?”

“இல்லை...”

“ஊருக்கெல்லாம் கண்ணு பாக்கறீங்க.”

“ஏம்மா, என்கிட்ட நேராவே கேட்டிருக்கலாமே?”

“கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?”

கண்ணாடிக்காரர் நேர்மையாக யோசித்தார். “‘அதெல்லாம் பாத்துக்கலாம்’னு சொல்லியிருப்பேன்.”

“பதினாறு வருஷமா அதைத்தான் சொல்றீங்க. அதான் எழுத்துல வாங்கினேன்.”

வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் பஞ்சை அழுத்த மறந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அவருக்கும் வந்தது. மனைவி படிக்கப்போகிறாள்! அந்தச் சந்தோஷம் மெல்ல உள்ளே ஏறியபோதுதான், அவருக்குச் சட்டம் பளிச்சென்று ஞாபகம் வந்தது. நெஞ்சை நிமிர்த்தினார்.

“ஒரு நிமிஷம்! இது செல்லாது. நீ அனுப்பின கடிதமே போலி!”

“கடிதம்தாங்க போலி” என்றாள் ஊசியக்கா, அடுத்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டே. “கையெழுத்தும் முத்திரையும் உங்களோடதுதானே?”