‘தொடரும்’ கண்டக்டரும் பெண்ணையாற்று இளவரசியும்

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய காலத்துக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்த கண்டக்டர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் கிருஷ்ணகிரி - ஓசூர் பஸ்ஸில் இருந்தார். பயணிகள் ஓசூருக்குத்தான் பணம் கொடுப்பார்கள். போய்ச் சேருவது சோழர் காலத்துக்கு.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. எல்லோரும் ‘தொடரும்’ என்றுதான் கூப்பிடுவோம். ஆள் ஏறி முடிந்ததும் மற்ற கண்டக்டர்கள் "ரைட்" என்பார்கள். இவர் விசிலை ஊதிவிட்டு, "தொடரும்" என்பார். டிரைவரும் மறுபேச்சில்லாமல் கியரைப் போடுவார்.

மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்த வருஷம் அது. ஓசூர் எந்தப் பக்கம் போகும் என்று டீக்கடைதோறும் வாதம் நடந்துகொண்டிருந்தது. நான் ஓசூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. வாரா வாரம் கிருஷ்ணகிரி கோர்ட்டுக்கு வந்துவிட்டு மத்தியானப் பஸ்ஸில் திரும்புவேன். வாய்தா தேதியைத் தவறவிட்டால் கட்சிக்காரனின் நிலமே போய்விடும் என்கிற தொழில். அந்தப் பழக்கத்தில் கதையிலும் தேதி பார்ப்பேன். போன அத்தியாயத்தில் பௌர்ணமி என்று எழுதிவிட்டு இந்த வாரம் பிறை நிலவைக் காட்டினால் எனக்குச் சோறு இறங்காது.

பட்டணத்திலிருந்து வருகிற வாரப் பத்திரிகைக் கட்டு அந்த மத்தியானப் பஸ்ஸில்தான் ஓசூருக்குப் போகும். அதில் ஒரு சரித்திரத் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. ஒரு சோழ இளவரசன், பெண்ணையாற்றங்கரையில் ஒரு சிற்றரசனின் மகள், மேற்கேயிருந்து படையெடுத்து வரும் கன்னட நாட்டு மன்னன். அதாவது கதை நடப்பதே எங்கள் ஊர் வழியாக. கட்டு கைக்கு வந்ததும் ‘தொடரும்’ மேல் பிரதியை உருவிக்கொள்வார். பஸ் ஊர் எல்லையைத் தாண்டியதும் கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உரக்கப் படிக்க ஆரம்பிப்பார்.

என்ன குரல் அது. குதிரைக் குளம்படி என்று வந்தால் டிக்கெட் பெட்டியில் விரலால் தாளம் போடுவார். வாள் உறையிலிருந்து வெளிப்பட்டால் விசில். பகைவன் ஒளிந்து வந்தால் குரலைத் தணித்துக்கொள்வார். பின் சீட்டுக்காரர்கள் காது கேட்காமல் முன்னால் நெருக்குவார்கள். முன் சீட்டுக்காரர்கள் டிரைவர் மடியில் உட்காராத குறை. போர்க்களம் வந்தால் டிரைவருக்கும் ஆவேசம் வந்துவிடும். சூளகிரி மேட்டில் மூச்சு வாங்குகிற அந்த வண்டி, போர் நடக்கிற வாரங்களில் மட்டும் மூன்றாவது கியரிலேயே ஏறியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஏறினவர்கள் இறங்க வேண்டிய இடத்தில் இறங்க மாட்டார்கள். இதுதான் வம்பு. பத்திரிகை வருகிற அதே நாள்தான் குந்தாரப்பள்ளிச் சந்தை. கூடை நிறையக் கோழியோடு ஏறிய ஓர் அம்மாள் குந்தாரப்பள்ளியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, சந்தை வந்துருச்சு, இறங்கு" என்றார் டிரைவர்.

"இருப்பா. அந்தப் பொண்ணை மதில்மேல நிக்க வெச்சுட்டு நான் எப்படி இறங்கறது? கோழி அடுத்த சந்தையிலயும் விக்கும்."

கோழிகள் சூளகிரி வரை சோழர் கதை கேட்டுவிட்டுத் திரும்பின.

பாகலூர் வெங்காய வியாபாரி ஒருவரின் தொந்தரவு வேறு வகை. அவர் வீட்டில் பேசுவது கன்னடம். கன்னட மன்னன் தோற்கிற வாரமெல்லாம் எழுந்து நின்று குடையால் தரையைத் தட்டுவார்.

"ஏனப்பா இது, நம்ம ராஜா வாரா வாரம் ஓடறானே. ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், அவன் ஜெயிச்ச மாதிரி படிச்சா உன் கிரீடம் இறங்கிருமா?"

"அச்சுல வந்த எழுத்துண்ணா. ஒரு புள்ளியைக்கூட நான் தொடமாட்டேன். எழுதினவர் என்ன எழுதியிருக்காரோ அதான்."

"அப்போ நான் பின்னாடி போய் உக்காந்துக்கறேன்."

அவர் வெங்காய மூட்டையோடு பின் சீட்டுக்குப் போவார். கன்னடப் படை பின்வாங்கியது என்று பஸ் முழுக்கச் சிரிக்கும். அடுத்த வரி தொடங்கியதும் அவரும் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் நகர்ந்து வந்துவிடுவார்.

ஒரு புள்ளியைக்கூடத் தொடமாட்டேன் என்பது வெறும் பேச்சில்லை. அச்சுப்பிழை இருந்தால் பிழையோடுதான் படிப்பார். ‘வாளை உருவினான்’ என்பது ஒரு வாரம் ‘வாழை உருவினான்’ என்று அச்சாகியிருந்தது. அப்படியே படித்தார். இளவரசன் எதற்காகப் போர்க்களத்தில் வாழை உருவினான் என்று ஓசூர் வரை விவாதம் நடந்தது.

பஸ் தாமதமாகப் போகிறது, பின்னால் வருகிற வேறு கம்பெனி பஸ் ஆளை அள்ளிக்கொண்டு போகிறது என்று முதலாளிக்குப் புகார் போயிற்று. எங்கள் பஸ் முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். தமிழ் பேசுவார், ஆனால் தமிழ் எழுத்து படிக்கத் தெரியாது. கணக்கெல்லாம் தெலுங்கில். நாலு பையன்கள், பெண் குழந்தை இல்லை. கோபக்காரர். நேரிலேயே பிடித்துவிடுவது என்று அவர் ஒரு சந்தை நாளில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மாட்டு வியாபாரி மாதிரி எங்கள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்.

பஸ்ஸில் எல்லோருக்கும் அவரைத் தெரிந்துவிட்டது. கண்டக்டருக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் கதைகளில் மன்னர் மாறுவேடத்தில் நகர்வலம் வந்தால் அடையாளம் தெரிந்தாலும் தெரியாத மாதிரி நடந்துகொள்வதுதானே மரியாதை? நேராக அவரிடம் போனார்.

"வியாபாரி, எங்க போவணும்?"

"ஓசூரு" என்று முதலாளி குரலை மாற்றிக்கொண்டு சொன்னார்.

டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டார். தன் பஸ்ஸில் தானே டிக்கெட் வாங்கிய முதலாளி சேலம் ஜில்லாவிலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்து, ‘வேண்டாம், இன்றைக்குப் படிக்காதே’ என்று தலையை ஆட்டினார். ‘தொடரும்’ பார்த்தார். கோழிக் கூடைகள் காத்திருந்தன. வெங்காயக்காரர் குடையைத் தயாராக வைத்திருந்தார். அவர் பத்திரிகையைப் பிரித்தார்.

அந்த அத்தியாயத்தில் இளவரசி முதன்முதலாக இளவரசனோடு பேசுகிறாள். ‘தொடரும்’ குரலை மென்மையாக்கிக்கொண்டு படித்தார்: "வீரரே, தாங்கள் யார்? உண்மையைச் செப்புக!"

மாட்டு வியாபாரி துள்ளி எழுந்தார்.

"ஏமி? என்ன சொன்னா? மறுபடி படி."

"செப்புகன்னு சொன்னா."

"செப்பு அண்டே தெலுகு. பாருங்கடா, இந்தப் பிள்ளை வீட்டில தெலுங்கு பேசற பிள்ளை. ஆ பில்ல மன பில்ல, நம்ம பிள்ளைடா."

நான் சும்மா இருந்திருக்கலாம். "அது பழந்தமிழ் வார்த்தைங்க. சொல்லுங்கறதுக்குத் தமிழ்லயும் செப்புன்னு உண்டு" என்றேன்.

"யோவ், நீ வக்கீல் குமாஸ்தா. காசு குடுத்தா ரெண்டு பக்கமும் பேசுவே. பொண்ணே செப்புன்னு சொல்லிட்டா, நீ யாரு?"

வாதம் சூடேறியதில் துண்டு அவிழ்ந்து விழுந்தது. மாறுவேடம் கலைந்தது. முதலாளி அதைக் கவனிக்கவே இல்லை. "நின்னுட்டியே, மேல படி" என்றார் கண்டக்டரிடம்.

அன்றிலிருந்து வாரம் தவறாமல் முன் சீட்டில் முதலாளி. பஸ் தாமதம் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் வேறொரு ஆபத்து வந்து சேர்ந்தது. பகைவர்கள் இளவரசியைச் சிறைபிடித்த வாரம் அவர் கண் சிவந்துவிட்டது. இறங்கும்போது சொன்னார்:

"இதோ பாரு தொடரும். அந்தப் பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சு, மறுநாள் நீ ஷெட்டு பக்கம் வராதே."

"முதலாளி, நானா எழுதறேன்?"

"நீதானே படிக்கறே."

யாரும் சிரிக்கவில்லை. அவர் சொன்னால் சொன்னதுதான். பஞ்சர் ஒட்டத் தாமதமானதற்காக ஒரு கிளீனரை நடுவழியில் இறக்கிவிட்ட மனிதர். கண்டக்டருக்கு வீட்டில் மனைவி, மூன்று குழந்தைகள், படுத்த படுக்கையாக அப்பா. அதற்கப்புறம் அவர் பத்திரிகைக் கட்டை அவிழ்க்கும்போது பரீட்சை முடிவு பார்க்கிறவர் மாதிரி இருக்கும். அவள் உயிரோடிருந்தால் இவருக்கு வேலை உண்டு. வாரா வாரம் இளவரசி தப்பித்தாள். வாரா வாரம் இவரும் தப்பித்தார்.

கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் பங்குனி உத்திரத்தன்று பெண்ணைக் கரையில் பெரும் போர். இளவரசன் மார்பில் வேல் உரசிக் குதிரையோடு ஆற்றில் விழுந்தான். உடல் கிடைக்கவில்லை. பஸ் முழுக்க அழுதது. வெங்காயக்காரர்கூட, "எங்க ராஜா இப்படிச் செஞ்சிருக்கக் கூடாது" என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்.

அடுத்த வாரம் கிருஷ்ணகிரி ஸ்டாண்டில் கடைசி அத்தியாயம் வந்து இறங்கியது. எனக்கென்று ஒரு பிரதி வாங்கி நின்றபடியே படித்து முடித்தேன். நிமிர்ந்தபோது ‘தொடரும்’ எதிரே நின்றிருந்தார். அவரும் படித்துவிட்டார். முகத்தில் ரத்தம் இல்லை.

"மாத்திப் படிச்சிருங்க. யாருக்குத் தெரியப் போகுது" என்றேன் மெதுவாக.

"வெங்காயக்காரருக்கு மாத்தலை சார். எனக்காக மட்டும் மாத்துவேனா?"

முதலாளி அன்று புதுச் சட்டையில் வந்திருந்தார். பெண்ணுக்குக் கல்யாணம் நடக்கும் என்று நம்பி வந்த முகம். பஸ் புறப்பட்டது. குந்தாரப்பள்ளி வந்தது. ஒருவரும் இறங்கவில்லை. ‘தொடரும்’ கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு படித்தார். தாளமும் விசிலும் இல்லை. கடைசிப் பத்தி வந்தது.

"இளவரசி ஆற்றில் இறங்கினாள். பெண்ணைப் புனல் அவளை ஏற்றுக்கொண்டது. அவன் சென்ற வழியே தானும் சென்றாள். தன் நாதனோடு கலந்தாள். முற்றும்."

முதலாளி நெற்றியைச் சுருக்கினார்.

"புனல்னா? டீசல் ஊத்தற புனலா?"

"தண்ணிங்க, முதலாளி. பழைய தமிழ்."

"சரி, தண்ணியில இறங்கினா. எதுக்கு இறங்கினா?"

"அவன் போன வழியில போறதுக்கு."

"போயி?"

"கலந்தா."

"கலந்தான்னா என்ன? தெலுங்குல செப்பு."

‘தொடரும்’ பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கலிசிந்தி" என்றார்.

கலிசிந்தி என்றால் சேர்ந்தாள், சந்தித்தாள். வார்த்தைக்கு வார்த்தை சரியான மொழிபெயர்ப்பு. எந்தக் கோர்ட்டிலும் நிற்கும்.

"கலிசிந்தா?" முதலாளியின் முகம் மெல்ல மலர்ந்தது. "அப்போ அவன் சாகலை. அக்கரையில இருந்திருக்கான். இவ தேடிப் போயி சேந்துட்டா." சட்டென்று என் பக்கம் திரும்பினார். "ஏய்யா குமாஸ்தா, எல்லாத்துலயும் தப்பு கண்டுபிடிப்பியே. உன் புத்தகத்துலயும் அதே மாதிரிதான் போட்டிருக்கா?"

பஸ் முழுக்க என்னைப் பார்த்தது. ‘தொடரும்’ மட்டும் பார்க்கவில்லை.

"எழுத்துக்கு எழுத்து அப்படியேதான் போட்டிருக்குங்க" என்றேன்.

அதற்கப்புறம் அந்தப் பஸ் பஸ்ஸாக இல்லை. முதலாளி சூளகிரியில் வண்டியை நிறுத்தி எல்லோருக்கும் காராபூந்தியும் டீயும் வாங்கிக் கொடுத்தார். கோழிக்கார அம்மாள், "நான் அன்னைக்கே சொன்னேன், பொண்ணு கெட்டிக்காரி" என்றார். வெங்காயக்காரர், "கல்யாணத்துக்கு எங்க ராஜாவையும் கூப்பிட்டிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு முதலாளியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தட்டில் காராபூந்தி தின்றன. "அடுத்த தொடர்கதை எப்போ ஆரம்பிக்குது, விசாரிச்சு வை" என்று முதலாளி கண்டக்டரிடம் சொல்லிவிட்டு ஏறினார். வேலை தப்பித்தது.

ஓசூரில் எல்லோரும் இறங்கிப் போனபின் என் கோர்ட்டுக் காகிதக் கட்டை சீட்டில் விட்டுவிட்டது நினைவு வந்து திரும்பினேன். காலிப் பஸ்ஸில் ‘தொடரும்’ தனியாக உட்கார்ந்திருந்தார். பத்திரிகை மடியில் விரிந்து கிடந்தது. தோள் குலுங்கியது.

"அதான் வேலை நிலைச்சுருச்சே" என்றேன்.

"வேலையா சார் பெரிசு? அவங்கல்லாம் சந்தோஷமா வீட்டுக்குப் போயிட்டாங்க. எனக்குத்தான் அந்த எழுத்துத் தமிழ் புரியுமே." முகத்தைத் துடைத்தார். "கதைதான்னு மட்டும் சொல்லாதீங்க. அது எனக்கும் தெரியும்."

நான் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னேன்.

"இதை எழுதினவர் ஒரு தப்புப் பண்ணியிருக்கார்."

"இப்பவுமா சார்?"

"போர் நடந்தது பங்குனி உத்திரம், பௌர்ணமி. இந்த அத்தியாயத்துல தேய்பிறைன்னு எழுதியிருக்கார். அப்படின்னா பங்குனியே இன்னும் முடியலை. நீங்க எந்த ஊரு?"

"காவேரிப்பட்டினம்."

"ஆத்தங்கரைக்காரர். பங்குனியில உங்க பெண்ணையாத்துல எவ்வளவு தண்ணி ஓடும்?"

அவர் என்னையே பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக அந்த முகத்தில் வெளிச்சம் ஏறியது.

"முழங்கால் நனையாது சார். பசங்க அதுல கபடி ஆடுவானுங்க."

"அவ்வளவுதான்."

"அப்போ இவ முழுகியிருக்க முடியாது."

"முடியவே முடியாது."

"இருங்க சார். அவன் விழுந்ததும் அதே ஆறுதானே?"

"அதே ஆறு. அதே பங்குனி."

அவர் எழுந்து நின்றுவிட்டார். காலிப் பஸ்ஸில் அப்படியொரு விசில் அடித்தார் பாருங்கள், டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர் டம்ளரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

அதன்பின் எத்தனையோ பங்குனிகளில் காவேரிப்பட்டினம் பாலத்தைத் தாண்டியிருக்கிறேன். கீழே எட்டிப் பார்த்தால் மணலில் ஒரு பெண் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி அக்கரைக்கு நடந்து போகிற மாதிரி இருக்கும். அவளுக்கு ஓரடி முன்னால், ஆழம் பார்த்து வழி சொல்லிக்கொண்டு, விசிலும் காக்கிச் சட்டையுமாக ஒருவர்.